மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் அவள் தேடியது

கோயம்புத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று அந்தப் பெண்ணின் அப்பாவிடம் சொன்னது நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை. கெஞ்சக்கூட இல்லை. கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.

அப்போது திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கும் பிரௌசிங் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். வீடு கோச்சடையில், காலையில் இரண்டு பஸ் மாறி வருவேன். போர்டில் பிரௌசிங் என்று எழுதியிருந்தாலும் அதற்காக யாரும் வருவதில்லை. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. சாதிச் சான்றிதழ், பட்டா நகல், பரீட்சை விண்ணப்பம், ஆதார் பிரிண்ட் என்றுதான் ஆள் வரும். ஐந்து கம்ப்யூட்டர்கள். முதலாளி காலையில் கடையைத் திறந்து வைத்துவிட்டுத் தன் இன்னொரு கடைக்குப் போய்விடுவார். பிறகு சாயங்காலம் வரை நான் மட்டும்தான்.

அந்தப் பெண் மட்டும் நெட் பார்க்க வந்தாள். கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்குள் நாலைந்து கிலோமீட்டர் போக வேண்டும். வீட்டில் போனைப் பிடுங்கிவைத்துக்கொண்டார்கள் என்று அவளே ஒருநாள் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கல்லூரிக்குப் போகிற வழியில் ஏறி வருவாள். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில்தான் உட்காருவாள். அதன் திரை சுவரைப் பார்த்து இருக்கும். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, "வாரேன்க்கா" என்று சிரித்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அன்றைக்கு ஒன்பதரை மணிக்கு வந்தாள். வழக்கம்போல மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து பார்த்தாள். தன் மார்க் ஷீட்டையெல்லாம் இரண்டு இரண்டு பிரதி எடுத்துக்கொண்டாள். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி அதற்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது சிரிக்கவில்லை. அதை நான் கவனித்ததாகவே இப்போது நினைத்துக்கொள்கிறேன். உண்மையில் கவனித்தேனா என்று தெரியாது.

பதினோரு மணிக்கு அவள் அப்பாவும் அண்ணனும் படியேறி வந்தார்கள். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டான். அப்பா உள்ளே வந்து, தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அறுபதை நெருங்கிய மனிதர். வெயிலில் காய்ந்த முகம்.

"தாயி, எம்பொண்ணு இங்க வந்து போகும்ல. காலேசுக்குன்னு கெளம்புச்சு. காலேசுக்குப் போகல. இங்க வந்துச்சா?"

"வந்துச்சுங்கய்யா. ஒன்பதரைக்கு."

"என்னத்தப் பாத்துச்சுன்னு உன்னால சொல்ல முடியுமா? அதுல ஏதோ இருக்குமாமுல்ல."

நான் எழுந்துபோய் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தேன். ஹிஸ்டரியைத் திறந்தேன். எல்லாம் வரிசையாக இருந்தது. அவளுக்கு அழிக்கத் தெரியவில்லை. 'கோயம்புத்தூர் பெண்கள் விடுதி.' 'பெண் தானாகத் திருமணம் செய்ய வயது.' 'கட்டாயக் கல்யாணம் புகார் எங்கே கொடுப்பது.' 'ஆரப்பாளையம் கோயம்புத்தூர் பஸ் நேரம்.' ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணியும் நிமிஷமும் இருந்தன. அவர் படிக்காதவராக இருப்பார் என்று நினைத்து நானே வாய்விட்டு வாசித்தேன். அதிலும் புகார் என்ற வரியை மெதுவாகத்தான் வாசித்தேன். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஒரு மணி பஸ்ஸு போலங்கய்யா. அதத்தான் ரெண்டு தடவ தொறந்து பாத்திருக்கு."

அண்ணன்காரன் மணியைப் பார்த்தான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ பெரிய கெட்டிக்காரி தாயி. நல்லா இருப்ப," என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி ஒரு பயனும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அவர்கள் கார் கிளம்புகிற சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பெருமையோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணிக்கு முன்னாலேயே, கோயம்புத்தூர் பஸ் கிளம்புகிற ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் பெரியவர் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார். மகளுக்குக் கல்யாணம். "நீதான் தாயி மொத ஆளா வரணும்," என்றார். அவள் பெயருக்குப் பின்னால், அவள் இன்னும் முடிக்காத பட்டத்தை அச்சடித்திருந்தார்கள்.

நான் போகவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குப் பயம் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிய பெண்களுக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு ஒன்றும் நடக்காது. சிலருக்கு நடப்பது பேப்பரில் நாலு வரியாக வரும். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியே காட்டுக்குள் ஒரு கிணறு தெரிந்தால் என் கண் அங்கேயே போய் நிற்கும். ஒரு நாள் பஸ்ஸிலேயே போனை எடுத்து அவள் ஊர்ப் பெயரையும் 'இளம்பெண்' என்ற சொல்லையும் போட்டுத் தேடினேன். அவளைப் பற்றி எதுவும் இல்லை. மனசு ஆறவில்லை. மறுநாள் 'புதுப்பெண் மரணம்' என்று தேடினேன். அடுத்த நாள் பக்கத்து ஊர்களையும் சேர்த்துத் தேடினேன்.

ஒரு வாரத்தில் போன் என்னைப் புரிந்துகொண்டது.

நான் தேடாமலே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தது. காலையில் எழுந்து மணி பார்க்கப் போனை எடுத்தால், எங்கோ ஒரு மாவட்டத்தில் தூக்கில் தொங்கிய பெண். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், கிணற்றிலிருந்து மீட்கப்பட்ட பெண். எல்லாம் கல்யாணப் படம். மாலையோடு, நெற்றிச்சுட்டியோடு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற படம். ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பேன். அவள் இல்லை. பெரிதாக்கிப் பார்த்ததையும் போன் குறித்துக்கொள்ளும்போல. அடுத்த நாள் இன்னும் நிறைய வந்தன.

எங்கள் வீட்டில் ஒரே கணக்குதான். என் போன், கணவர் போன், ஹாலில் இருக்கிற டிவி மூன்றும் ஒரே மெயிலில் ஓடிக்கொண்டிருந்தன. அதை அமைத்தவளும் நான்தான். டிவியைப் போட்டால் முதல் வரிசையில் சமையல், பாட்டு, கார்ட்டூன் என்று இருந்த இடத்தில் வட்டம் போட்ட முகங்களும் சிவப்பு எழுத்துகளும் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் ரிமோட்டோடு சமையலறைக்கு வந்தாள். அவளுக்கு அப்போது பதினோரு வயது.

"அம்மா, நம்ம டிவி ஏம்மா செத்துப்போன அக்காங்களையே காட்டுது?"

நான் அடுப்பை அணைத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்தேன். ஹிஸ்டரியை அழித்தேன், பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக அமுக்கினேன். பத்து நாள் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு முகம் வந்தது. அதை நான் தொட்டுவிட்டேன். மறுபடியும் எல்லாம் வந்துவிட்டன.

சென்டரில் ஆள் இல்லாத மத்தியானங்களில், இதிலிருந்து எப்படித் தப்பிப்பது என்று தேடிப் படித்தேன். அப்போதுதான் அந்த விஷயம் எனக்குத் தெரிந்தது. மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் பார்ப்பது எதுவும் அந்தக் கம்ப்யூட்டரின் ஹிஸ்டரியில் நிற்காது. மூடினால் போயிற்று. நாலு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அதைப் பற்றி யோசித்ததே இல்லை. கல்லூரிப் பையன்கள் கெட்ட படம் பார்க்கிற ஜன்னல் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். யாராவது அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லியிருந்தால் போதும். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டடி தூரத்தில் நான் இருந்தேன்.

இன்னும் படித்ததில், இந்தக் கறுப்பு ஜன்னலுக்கும் மேலே ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. வெங்காயப் படம் போட்ட ஒரு பிரௌசர். நாம் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதையே மறைத்து, நாலு நாடு சுற்றி ஆளை அடையாளம் தெரியாமல் கூட்டிப் போகுமாம். அதைப் போனில் இறக்கிக்கொண்டேன். அதில் அவளைத் தேடினேன். பக்கம் திறக்க அவ்வளவு நேரம் ஆகும். பாதித் தளங்கள் உள்ளே விடாது. நீ மனுஷிதானா என்று கேட்டுத் தெருவிளக்குப் படத்தையும் பஸ் படத்தையும் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் மூடினால் எல்லாம் மறைந்துவிடும். டிவிக்கு வராது. என் பின்னால் யாரும் வரமாட்டார்கள்.

ஒரு நாள் என் கணவர் அதைப் பார்த்துவிட்டார். அவர் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்க்கிறார், அதிகம் பேசாத மனிதர். போனை என் முன்னால் வைத்தார்.

"இது என்னா வெங்காயம்?"

"அது ஒரு பிரௌசருங்க."

"கடையில விசாரிச்சேன். கஞ்சா விக்கிறவன், கள்ளத்தனம் பண்றவன்தான் இத வச்சிருப்பானாம். உனக்கு எங்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, இந்த மனிதருக்கு இதுவரை நான் எதையும் சொல்லவில்லை என்பது உறைத்தது. சொன்னேன். ஒன்பதரை மணி, பதினோரு மணி, ஒரு மணி பஸ், கெட்டிக்காரி என்ற வார்த்தை வரைக்கும். அவர் போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீ சொல்லலன்னா வேற யாராச்சும் சொல்லிருப்பாக," என்றார்.

"இருக்கலாம். ஆனா சொன்னது நானுங்க."

ஒரு மாதம் கழித்து, மகள் டியூஷன் போயிருந்த நேரத்தில், அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அதுல பாத்தா டிவில வராதுல்ல?" என்று கேட்டார். திறந்து கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். அவர் என்ன பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இறங்கி வந்தபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

சென்டரில் ஐந்து கம்ப்யூட்டரிலும் வெங்காயத்தை இறக்கி வைத்தேன். வருகிறவர்களிடமும் சொல்ல ஆரம்பித்தேன். சொந்த விஷயம் பார்க்கிறீர்களா, இந்த ஜன்னலில் பாருங்கள், உங்களுக்குப் பின்னால் உட்காருகிறவருக்குத் தெரியாது என்பேன். நான் நினைத்த மாதிரி யாரும் சந்தோஷப்படவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், "நாப்பது வருசம் நேர்மையா இருந்தவன்மா நானு. ஒளிக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல," என்று கோபித்துக்கொண்டார். இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். முதியோர் பென்ஷனுக்கு எழுதிப்போட வந்த ஒரு அம்மா மட்டும் பதறிவிட்டார்.

"வேணாம் தாயி, வேணாம். எம்பேரு தெரியாமப் போயிரும். நாலு ஆபீசு ஏறி எறங்கித்தான் எம்பேரு கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கு. அத நீ அழிச்சிராத."

தன் பெயர் எங்கேயாவது இருக்க வேண்டும் என்பதற்காக அலைகிறவரிடம், பெயர் இல்லாமல் இருக்க வழி காட்டுகிறேன் என்று நிற்பது எனக்கே கூச்சமாக இருந்தது. வழக்கமான ஜன்னலிலேயே அவர் வேலையை முடித்துக் கொடுத்தேன்.

முதலாளிக்கும் விஷயம் போனது. "போலீசு வந்து கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன்? நோட்டு வச்சிருக்கணும், பேரு எழுதணும், அதான் சட்டம்," என்றார். வாசலில் ஒரு நீளமான நோட்டு உண்டு. வருகிறவர் பெயர், ஊர், அடையாள அட்டை, நேரம் எல்லாம் எழுத வேண்டும். நோட்டை ஒழுங்காக எழுதுவேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். மூன்றாம் நம்பரில் மட்டும் வெங்காயத்தை எடுக்காமல் விட்டேன். அதை அவர் கவனிக்கவில்லை.

மூன்று வருஷம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இடுப்பில் பெண் குழந்தையோடு ஒருத்தி படியேறி வந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள். கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை ஏறி ஏறி இறங்கின. அவளை அடையாளம் தெரிவதற்கு முன்னாலேயே என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது, எழுந்து நின்றுவிட்டேன். செத்துப்போனவர்கள் முகங்களுக்கு நடுவில் எத்தனையோ முறை தேடிய முகம், வேர்த்து வழிந்துகொண்டு எதிரே நின்றது.

"நல்லாருக்கீங்களாக்கா?"

"இருக்கேன்மா. நீ...?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தேன், பிள்ளைக்கு ஊசி போட. அத்தை பஸ் ஸ்டாண்டுல இருக்காக. நெட் பாக்கணும்க்கா. அரை மணி நேரம்." அவள் சுற்றிலும் பார்த்தாள். "பாத்தா யாருக்கும் தெரியாதுல்ல?"

நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொன்னால் திரும்பிப் போய்விடுவாள். போனால் வேறு எங்கே போய்ப் பார்ப்பாள்? சொல்லவில்லை. மூன்றாம் நம்பருக்குக் கூட்டிப்போய் அந்த பிரௌசரைத் திறந்து கொடுத்தேன். இரண்டு தடவை தவறான இடத்தில் அமுக்கிய பிறகுதான் அது திறந்தது.

"மெதுவாத்தான் வரும். பொறுத்துக்க. முடிச்சிட்டு இத மூடு, அம்புட்டுதான். அப்புறம் நீயே வந்து கேட்டாக்கூட என்னால எடுத்துத் தர முடியாது."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

நோட்டில் எழுதப் பேனாவைக் கொடுத்திருந்தேன். பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தாள். நோட்டை என் பக்கம் இழுத்து, அந்த எழுத்தையே வைத்துக்கொண்டு இல்லாத ஒரு பெயரை எழுதினேன். முதலாளிக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை அன்றைக்கு மீறினேன்.

குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பிஸ்கட் கொடுத்தேன். என் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. எட்டடி தூரத்தில் அவள் முதுகு. விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருமுறை அவள் அழுவது போல் தோள்கள் அசைந்தன. எழுந்து போக நினைத்துப் போகவில்லை.

இப்படி ஆறு முறை வந்தாள். ஆறு முறையும் ஆறு பெயர்கள் எழுதினேன். ஒருமுறை இடது கண்ணுக்குக் கீழே பச்சையாகக் கன்றியிருந்தது. "என்னம்மா இது?" என்றேன். "கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா," என்றாள். நான் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆறாவது முறை கிளம்பும்போது குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "போறேன்க்கா," என்றாள். எப்போதும் வாரேன் என்றுதான் சொல்வாள். எங்கள் பக்கத்தில் போறேன் என்று யாரும் விடைபெற மாட்டார்கள். அவள் படியிறங்கிய பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரியவர் வந்தார். தனியாக வந்தார். மூன்று வருஷத்தில் பத்து வருஷம் வயதாகியிருந்தது.

"தாயி, பொண்ணக் காணோம். பிள்ளையவும் காணோம். மருமகன் வீட்ல அவளா ஓடிப்போயிட்டாங்குறாங்க. எனக்கு அவங்கெ மேலயே சந்தேகமா இருக்கு. இங்க வந்துச்சா? அன்னைக்கு மாதிரி கொஞ்சம் பாத்துச் சொல்லு தாயி."

அவரே போய் மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஹிஸ்டரியைத் திறந்தேன். முந்தின நாள் யாரோ பார்த்த ரயில் டிக்கெட், பரீட்சை முடிவு, அவ்வளவுதான். அவர் திரையைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே போ, இன்னும் கீழே போ என்று கையைக் காட்டினார். போய்க்கொண்டே இருந்தேன். நோட்டைக் கேட்டார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். படிக்காதவர் என்று நான் நினைத்திருந்தேன். நன்றாகவே படித்தார்.

"அன்னைக்குத் தெரிஞ்சுச்சே தாயி. இன்னைக்கு ஏன் தெரியல?"

நான் நோட்டை மூடினேன்.

"எங்க இருக்கான்னு வேணாம். உசுரோட இருக்காளா? அத மட்டும் சொல்லு."

"தெரியலங்கய்யா."

அது சத்தியமான வார்த்தை. அவள் என்ன தேடினாள், யாரிடம் பேசினாள், எந்த ஊருக்குப் பஸ் பார்த்தாள், எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கான எல்லா ஏற்பாட்டையும் நானே செய்து கொடுத்திருந்தேன். அவர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதபோது எனக்குள் வேறொன்று ஏறியது. அவள் தப்பித்துப் போயிருந்தால் சரி. தப்பிக்காமல் போயிருந்தால்? அந்த வீட்டிலேயே அவளுக்கு ஏதாவது நடந்திருந்தால்? அவள் கடைசியாக என்ன செய்யப் பார்த்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி இந்தக் கம்ப்யூட்டர். அதைத் துடைத்தவள் நான். அவள் பெயரை நோட்டிலிருந்து எடுத்ததும் நான்.

முதல் தடவை சொன்னேன், அது பாவம். இரண்டாவது தடவை சொல்ல எதுவும் இல்லாமல் செய்தேன். அதுவும் பாவமாகிவிடுமோ என்று அதற்குப் பிறகு நாலு மாதம் எனக்குத் தெரியவில்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தார்களா என்று தெரியாது. கடைக்கு யாரும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் காக்கிச் சட்டையை எதிர்பார்த்துப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் தேட ஆரம்பித்தேன், வெங்காயத்தில்தான். ஒரு குழந்தையோடு ஒரு பெண். பஸ்ஸிலும், மத்தியானத்திலும், குளியலறையிலும். போன் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அதே சொற்களை நானே எழுத வேண்டியிருந்தது. டிவி சமையலும் பாட்டும் காட்டியது. மகள் பழையபடி ஹாலில் உட்கார்ந்து சிரித்தாள். நான் கண்ணை மூடினால் மட்டும் அந்த முகங்கள் மாலையோடு வரிசையாக வந்தன. அழிக்கிற பொத்தான் எனக்குள் எங்கேயும் இல்லை.

ஐந்தாவது மாதம், மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில், அவள் அம்மா வந்தார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆதார் அட்டையை நீட்டிப் பிரிண்ட் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். கடையில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு சொன்னார்.

"மூணாம் நம்பரு எது?"

காட்டினேன். போய் அந்த நாற்காலியில் கை வைத்துப் பார்த்தார்.

"எம்பொண்ணு பேசுச்சு தாயி."

நான் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"ஏதோ ஒரு நம்பர்ல இருந்து. வேலைக்குப் போகுதாம். பிள்ளைய விட்டுட்டுப் போக எடம் இருக்காம். யாரோ பொம்பளைங்க கூட இருக்காங்களாம். நல்லாருக்கேம்மான்னுச்சு. கொரல்லயே தெரிஞ்சுச்சு."

"எங்கம்மா இருக்கு?"

"நான் கேக்கல." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு போல வந்து போனது. "கேட்டா எனக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா எப்பயாச்சும் வாய்ல வந்துரும்."

அப்போது நான் சொன்னேன். இத்தனை நாளும் அந்தப் பெண்ணிடம் சொல்லாததை அவள் அம்மாவிடம் சொன்னேன். "மொதத் தடவ பஸ் நேரத்தச் சொன்னது நான்தாம்மா."

"தெரியும்."

"உங்களுக்கா?"

"அவளுக்கே தெரியும். அன்னைக்குக் கார்ல கூட்டிட்டு வரும்போதே எங்க வீட்டு மனுசர் சொல்லிட்டாரு, கம்ப்யூட்டர்க்காரப் பொண்ணுதான் எல்லாத்தையும் காட்டுச்சுன்னு."

அப்படியானால், பாத்தா யாருக்கும் தெரியாதுல்ல என்று அவள் கேட்டது எல்லாம் தெரிந்துகொண்டுதான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

"அப்புறம் ஏம்மா எங்கிட்டயே வந்துச்சு?"

"நானும் கேட்டேன். வேற கடைக்குப் போனா அங்க இருக்கிறவங்கெ எப்படின்னு தெரியாது, இந்த அக்கா என்ன செய்யும்னு ஒருதடவ பாத்தாச்சு, மறுபடி செய்யுதான்னு பாப்போம்னு போனேன்னுச்சு. தைரியந்தான் அவளுக்கு." பிரிண்டை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். "அவுகளுக்குச் சொல்லல. சொன்னா மனுசன் சந்தோசத்துல டீக்கடையில சொல்லிருவாரு. நீயும் சொல்லிராத தாயி."

டீ சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார்.

அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவளுக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது, நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தும், போனில் தேடுவதை என்னால் உடனே நிறுத்த முடியவில்லை. இப்போது குறைந்திருக்கிறது. வாரத்தில் ஒருநாள், இரண்டுநாள்.

அந்தப் பெரியவர் மட்டும் இன்னும் வருகிறார். உரம் வாங்கவோ ஆஸ்பத்திரிக்கோ திருமங்கலம் வந்தால், படியேறாமல் கீழேயே நின்று அண்ணாந்து பார்ப்பார். நான் இறங்கிப் போவேன். போன வாரமும் வந்திருந்தார். வெயிலில் துண்டைத் தலையில் போட்டிருந்தார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுச்சா தாயி?"

"தெரியலங்கய்யா," என்றேன்.

இந்த ஒரு வார்த்தையை எத்தனையோ முறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். முன்பெல்லாம் அது உண்மை. அவர் தலையாட்டிவிட்டு, கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்து போனார்.